அடுத்த புத்தகம் எது?
தமிழில் அறிவியல் புனைகதையும் மாயக்கதையும் - ஒரு வாசகனின் தேடல்

முன்னுரை

நமது மலரில் ஆண்டுதோறும் சங்க இலக்கியம் பற்றியும் சிலம்பு பற்றியும் குறள் பற்றியும் புலமை மிக்க பெரியவர்கள் எழுதி வருகிறார்கள். நான் புலவன் அல்ல. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாராவி கிராஸ் ரோடு பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு கோலியில் பிறந்து வளர்ந்து, இப்போது செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மலர்க்குழு அன்பர்கள் "நீங்களும் ஏதாவது எழுதுங்க" என்று கேட்டபோது, எனக்குத் தெரிந்ததைச் சொல்லி, தெரியாததை உங்களிடம் கேட்டுவிடலாம் என்றே இதை எழுத ஒப்புக்கொண்டேன். கேள்வி என்னுடையது அல்ல, என் பேத்தியுடையது.

அவளுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் தமிழ், லிஃப்டில் இந்தி, பள்ளியில் மராத்தி ஒரு பாடம், மற்றதெல்லாம் ஆங்கிலம். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. நம்மில் பாதி வீடுகளில் இதுதானே கதை? ஆனால் புத்தகப் புழு. டிராகன் பறக்கிற கதை, வேறு கிரகத்துக் கதை என்று தலையணை கனத்துக்கு ஆங்கிலப் புத்தகம் வாசிப்பாள். ஒருநாள், "தாத்தா, தமிழ்ல இந்த மாதிரிப் புக்கெல்லாம் கிடையாதுல்ல?" என்றாள். "கிடையாதுல்ல" என்று முடிவு கட்டியே கேட்டது என்னைச் சுட்டுவிட்டது. பரணில் இருந்து சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்தேன். கடையில் வாங்கியது அல்ல. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாரா வாரம் கிழித்து வைத்து, நூல் கோத்துத் தைத்த பைண்டு புத்தகம். எங்கள் சாலில் ஐந்து வீட்டுக்கு ஒரு விகடன். எல்லாரும் படித்து முடித்த பிறகு அந்தப் பக்கங்கள் எனக்கு என்று ஏற்பாடு.

தினம் இரவு ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டினேன். பாதியில் எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை வந்தது. கொஞ்ச நாள் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கதை ஒரு இக்கட்டான இடத்தில் நிற்கிறது. இரண்டு நாள் பொறுத்தவள் மூன்றாம் நாள் புத்தகத்தோடு கட்டில் பக்கம் வந்து உட்கார்ந்தாள். "நான் எழுத்து எப்படி இருக்குன்னு சொல்றேன், நீங்க அது என்னன்னு சொல்லுங்க தாத்தா." அப்படித்தான் தொடங்கியது. "முன்னால ஒரு கொம்பு, பின்னால ஒரு கால் இருக்கு." "கொம்பு ஒத்தையா, ரெட்டைச் சுழியா?" "ரெட்டை." "அப்ப அது நோ." அவள் முதலில் கற்ற எழுத்து 'அ' அல்ல, ஜீனோவின் 'ஜீ'. கிரந்த எழுத்தில் இருந்தா தொடங்குவது என்று தனித்தமிழ் அன்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். முதல் பக்கத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. இரண்டு மாதத்தில் அந்தப் புத்தகத்தை முடித்து, அடுத்த பாகமான 'மீண்டும் ஜீனோ'வையும் தானே வாசித்து முடித்தாள். முடித்த அன்றைக்கு இரவு கேட்டாள்: "தாத்தா, அடுத்து எது?"

எனக்குப் பதில் வரவில்லை.

எது அறிவியல் புனைகதை, எது மாயக்கதை?

தேடுவதற்கு முன் எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். இரண்டும் நடக்காததைச் சொல்பவைதான். ஆனால் நடக்காததற்குக் கதாசிரியர் காட்டும் காரணம் வேறு. ஒருவன் கம்பளத்தில் ஏறி வானில் பறந்தால், அதற்கு மந்திரம் காரணம் என்றால் அது மாயக்கதை. இன்றைய அறிவியலில் இருந்து ஒரு படி மேலே போய், இப்படி ஒரு கருவி வந்தால் பறக்கலாம் என்று கணக்குக் காட்டினால் அது அறிவியல் புனைகதை. முன்னது "இப்படி ஒரு உலகம் இருந்தால்?" என்கிறது. பின்னது "நம் உலகம் இப்படி ஆகிவிட்டால்?" என்கிறது.

இரண்டாவது கேள்வியை முதலில் அழுத்தமாகக் கேட்டவர் என்று பலரும் சொல்வது மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண்மணியை. அவருடைய 'ஃபிராங்கென்ஸ்டைன்' 1818இல் வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. செத்த உடல்களின் உறுப்புகளைச் சேர்த்து உயிர் கொடுத்த ஒரு மனிதன், தான் படைத்ததற்குப் பொறுப்பேற்காமல் ஓடுகிற கதை. இந்த நாவலைத் தமிழில் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தந்தவர் நம் புதுமைப்பித்தன். இது எனக்கே பிந்தித்தான் தெரிய வந்தது. 'ரோபோ' என்ற சொல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில் இருந்து வந்தது. அவர்கள் மொழியில் கட்டாய வேலையைக் குறிக்கும் சொல்லில் இருந்து பிறந்தது. ஆக, முதலில் இருந்தே இந்த வகைக் கதை இயந்திரத்தைப் பற்றியது மட்டும் அல்ல. யார் யாரை வேலை வாங்குகிறார்கள், யார் யாருக்குப் பொறுப்பு என்பதைப் பற்றியது.

நம் பழைய நூல்களில்

"இதெல்லாம் நம்மகிட்ட அப்பவே இருக்கே!" என்று கூட்டங்களில் ஒரு குரல் எழும். உண்மைதான். சீவக சிந்தாமணியில் நிறைமாதக் கர்ப்பிணியான அரசி விசயை, மயில் வடிவப் பொறியில் ஏறி வான்வழியே தப்பிக்கிறாள். மணிமேகலைக்குத் தெய்வம் மூன்று மந்திரங்களைக் கற்றுக் கொடுக்கிறது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வான்வழி செல்ல ஒன்று, பசி தாங்க ஒன்று. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியும் அவள் கைக்கு வருகிறது. புறநானூற்றிலேயே செலுத்துபவன் இல்லாமல் தானே செல்லும் வான ஊர்தி பேசப்படுகிறது.

ஆனால் ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். மயிற்பொறி காவியத்தில் இருக்கிறது என்பதால் அந்தக் காலத்தில் விமானம் ஓடியது என்று பிள்ளைகளிடம் சொல்வது சரியல்ல. அவர்கள் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு நாம் சொல்லும் மற்றதையும் நம்பாமல் போய்விடுவார்கள். நம் முன்னோர் விமானம் செய்தார்களோ இல்லையோ, விமானத்தைக் கற்பனை செய்தார்கள். அது குறைந்த பெருமையா? பேத்தியிடம் விசயையின் கதையை அப்படித்தான் சொன்னேன். அவள் கேட்டாள்: "அந்த மயிலை யாரு ஓட்டுனா தாத்தா?" அரசியேதான், ஓட்டப் பழகியிருந்தாள் என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று.

பாரதியும் புதுமைப்பித்தனும்

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் முதலில் பாரதியார். அவருடைய 'ஞானரதம்' 1910இல் நூலாக வந்தது. ஞானம் என்னும் தேரில் ஏறி உபசாந்தி லோகம், கந்தர்வ லோகம், சத்திய லோகம் என்று பல உலகங்களுக்குப் போய் வருகிறார். கவிஞர் என்றே நாம் அறிந்த பாரதி எழுதிய முழு உரைநடை மாயக்கதை அது. நம் வீட்டில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? நான் அறுபது வயதில்தான் வாசித்தேன்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1905இல், சென்னையில் இருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழில், வங்காளத்து ரொக்கேயா பேகம் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை எழுதினார். பெண்கள் ஆளும் நாடு. ஆண்கள் வீட்டுக்குள். பெண் விஞ்ஞானிகள் சூரிய வெப்பத்தைச் சேகரித்து எதிரிப் படையை விரட்டுகிறார்கள், மேகத்தில் இருந்து நீர் எடுக்கிறார்கள். நம் சென்னையில் அச்சேறிய கதை என்பதால் இதற்கும் நமக்கும் ஒரு உறவு உண்டு.

புதுமைப்பித்தன் இன்னொரு கோடி. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வந்து கந்தசாமிப் பிள்ளை வீட்டில் விருந்தாளியாகத் தங்குகிறார். 'கபாடபுரம்' கடலுக்குள் மூழ்கிய நகரத்துக்குப் போகும் கதை. 'காஞ்சனை', 'பிரம்மராக்ஷஸ்' எல்லாம் இரவில் தனியாக வாசிக்கக் கூடாதவை. ஆனால் பதின்மூன்று வயதுக்கு, அதுவும் நேற்று எழுத்துக் கற்ற பிள்ளைக்கு, அந்த நடை எட்டாது. 'கபாடபுர'த்தை நான் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள். தப்பு அவளுடையது அல்ல, புதுமைப்பித்தனுடையதும் அல்ல. அவசரப்பட்ட தாத்தாவுடையது.

சுஜாதா போட்ட சாலை

சுஜாதா (1935-2008) பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு உடையவர். கருவியைக் கையால் தொட்டவர் என்பதால் அவர் கதையில் கருவி பொய் சொல்லாது.

'என் இனிய இயந்திரா' நடப்பது 2021இல். ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. பிள்ளை பெறக்கூட அரசு அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். தேடுகிற அவளுக்குத் துணை, வீட்டுக்குக் குடிவந்தவனின் இயந்திர நாய் ஜீனோ. நாய் புத்தகம் வாசிக்கும், கேலி பேசும், சிந்திக்கும். தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது, பலருக்கு நினைவிருக்கும். 2021 நிஜத்தில் வந்தபோது நாமெல்லாம் முகத்தில் துணி கட்டிக்கொண்டு தடுப்பூசிக்கு வரிசையில் நின்றோம். வெளியே போக அனுமதி வேண்டும் என்ற வரியைப் பேத்தி சாதாரணமாகத் தாண்டிப் போனாள். அவளுக்கு அது கற்பனையாகவே படவில்லை. கதையின் பலம் ஆண்டைச் சரியாகச் சொல்வதில் இல்லை. அஞ்ச வேண்டியதைச் சரியாகச் சொல்வதில் இருக்கிறது.

ஜீனோ ஏன் அவளை இழுத்தது என்று யோசித்துப் பார்த்தேன். வாக்கியங்கள் சிறியவை. பாதிக்குப் பாதி உரையாடல். தொடர்கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும். ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில் கலந்து வரும். அந்தச் சொற்களை முதலில் கண்டுபிடித்து, அதைப் பிடிமானமாக வைத்து மற்றதை வாசித்தாள். 'கம்ப்யூட்டர்' என்று எழுத்துக்கூட்டி முடித்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சுஜாதாவிலேயே இன்னும் உண்டு. 'சொர்க்கத் தீவு' இதே வகை நாவல். 'திசை கண்டேன் வான் கண்டேன்' விண்வெளிக் கதை. 'கொலையுதிர் காலம்' பேயா விஞ்ஞானமா என்று கடைசி வரை ஆட்டி வைப்பது. விஞ்ஞானச் சிறுகதைகள் தனித் தொகுப்பாகவே கிடைக்கின்றன. ஆனால் அவர் எழுதியது பெரும்பாலும் பெரியவர்கள் படிக்கும் வார இதழ்களுக்கு. சிறு பிள்ளை கையில் கொடுக்கும் முன் நாம் ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது.

ஒரு செய்தி. சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27. உலகப் புகழ் பெற்ற அறிவியல் புனைகதை ஆசிரியர் ஆர்தர் சி. கிளார்க், தாம் 1956 முதல் வாழ்ந்து வந்த இலங்கையில் மறைந்தது அதே ஆண்டு மார்ச் 19. மூன்றே வாரத்தில் இருவரும் போனார்கள்.

பிறகு வந்தவர்கள்

சுஜாதாவோடு இந்த வகை முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விசாரித்த பிறகுதான் தெரிகிறது. ஜெயமோகனின் 'விசும்பு' அறிவியல் புனைகதைத் தொகுப்பு. அதில் 'ஐந்தாவது மருந்து' போன்ற கதைகள் சித்த மருத்துவம் முதலிய நம் மரபு அறிவில் இருந்தே கருவை எடுக்கின்றன. பிள்ளைகளுக்காக அவர் எழுதிய 'பனிமனிதன்' தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. தமிழ்மகனின் 'ஆபரேஷன் நோவா' மனிதர் வேறு கிரகத்துக்குக் குடிபெயர்வதைச் சொல்வது. நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அதில் தனி ருசி இருக்கும். ஆர்னிகா நாசர் விஞ்ஞானச் சிறுகதைகள் பல எழுதியவர். 2019இல் 'அரூ' என்ற இணைய இதழ் அறிவியல் புனைகதைக்கென்றே சிறுகதைப் போட்டி நடத்தியது.

நமக்கு மிக நெருக்கமானவர் சுதாகர் கஸ்தூரி. தூத்துக்குடிப் பக்கம் இருந்து வந்து மும்பையில் வாழ்ந்து எழுதுபவர். அவருடைய நாவலின் பெயரே ஒரு எண்: '6174'. இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் மகாராஷ்டிரத்தில் இருந்துதான். தகாணுவில் 1905இல் பிறந்து, நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர். கப்ரேகர் கண்டுபிடித்தது. கணக்கில் பெரிய பட்டம் எதுவும் இல்லாத வாத்தியார்.

ஏதாவது ஒரு நான்கிலக்க எண்ணை எடுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சுதந்திரம் வந்த 1947ஐயே எடுப்போம். இலக்கங்களைப் பெரியதில் இருந்து சிறியதாக அடுக்கினால் 9741. சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கினால் 1479. கழித்தால் 8262. இதையே திரும்பச் செய்தால் 8622-இல் 2268 போக 6354. அடுத்து 6543-இல் 3456 போக 3087. அடுத்து 8730-இல் 0378 போக 8352. அடுத்து 8532-இல் 2358 போக 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகம் போனால் ஏழு படியில் இங்கே வந்து நின்றுவிடும். உங்கள் பிறந்த ஆண்டைப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கை நான் தாராவியில் ஒரு பையனுக்குக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பழைய சாலுக்குப் போய், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். வருகிற பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள், அது வேறு வருத்தம். இவன் ஒன்பதாம் வகுப்பு. தமிழ் தண்ணி பட்ட பாடு. ஜீனோவை இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டு, "இதே மாதிரி வேற இருந்தா குடுங்க தாத்தா" என்றான். செம்பூரில் என் பேத்திக்கு வீடு நிறையப் புத்தகம், தமிழ் எழுத்து இல்லை. தாராவியில் இவனுக்குத் தமிழ் எழுத்து இருக்கிறது, புத்தகம் இல்லை. இரண்டு பேரும் இரண்டு திசையில் இருந்து வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

பக்கத்து வீட்டு மராத்தி

நாம் வாழும் ஊரின் மொழி இதில் எப்படி நடந்தது என்று பார்த்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும். செம்பூரில் இருந்து சயான் போகிற வழியில் சுனாபட்டியில் 'மராத்தி விஞ்ஞான் பரிஷத்' கட்டடம் இருக்கிறது. பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்து போயிருப்போம். 1966இல் தொடங்கிய இந்த அமைப்பு, அறிவியலை மராத்தியில் மக்களிடம் கொண்டு போவதற்காக விஞ்ஞானக் கதைப் போட்டியும் நடத்தியது.

1974இல் அந்தப் போட்டிக்கு நாராயண் விநாயக் ஜகதாப் என்ற பெயரில் கருந்துளை பற்றி ஒரு கதை வந்தது. பரிசும் பெற்றது. எழுதியவர் யார் என்று பார்த்தால், கொலாபாவில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த வானியல் மேதை ஜயந்த் விஷ்ணு நாரளிக்கர்! தம் பெயருக்காகப் பரிசு கொடுத்துவிடக் கூடாது என்று, தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாகப் போட்டுப் புனைபெயர் வைத்துக்கொண்டார். கையெழுத்து தெரிந்துவிடும் என்று மனைவி மங்களாவைப் படி எடுத்துத் தரச் சொன்னார். எவ்வளவு நேர்மை பாருங்கள்! அதன் பிறகு மராத்தியில் நிறைய எழுதினார். 2021இல் நாசிக்கில் நடந்த அகில பாரத மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விஞ்ஞானக் கதை எழுதியவரை இலக்கிய மாநாட்டின் தலைமையில் வைத்த மொழி அது. 2025 மே மாதம் புனேயில் காலமானார்.

அவருடைய ஒரு கதை என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் 'தி அட்வென்ச்சர்' என்ற பெயரில் இடம்பெற்றது. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் படித்திருப்பார்கள். 1761 பானிபட் போரில் மராத்தியர் தோற்காமல் ஜெயித்திருந்தால் இன்றைய மும்பை எப்படி இருந்திருக்கும் என்பதுதான் கதை. வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் அந்த வேறு மும்பைக்குள் போய், டவுன்ஹால் நூலகத்தில் உட்கார்ந்து வரலாற்றைப் புரட்டுகிறார். தலைக்கோட்டைப் போர் வேறு மாதிரி முடிந்திருந்தால்? கட்டபொம்மன் ஜெயித்திருந்தால்? தமிழில் யாராவது அப்படி எழுதியிருக்கிறார்களா? இருந்தால் சொல்லுங்கள்.

மராத்தியரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. 1909இல் 'மனோரஞ்சன்' இதழ் தொடங்கி வைத்த தீபாவளி மலர் மரபு. புதிதாக எழுதுபவருக்கு அந்த மலர்கள் இடம் கொடுக்கின்றன. போட்டி, மலர், நூலகம் மூன்றும் சேர்ந்துதான் அங்கே இந்த வகை வளர்ந்தது. நம்மிடமும் மலர் இருக்கிறதே!

மாயக்கதைகளும் மொழிபெயர்ப்புகளும்

மாயக்கதையில் நாம் ஏழை அல்ல. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, 1947இல் தொடங்கிய அம்புலிமாமா என்று வளர்ந்தவர்கள் நாம். வாண்டுமாமா (1925-2014) பிள்ளைகளுக்காகவே வாழ்நாள் முழுக்க எழுதினார். சிவகாசியில் இருந்து 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை தவிர மற்றதெல்லாம் மறைந்து போகும் மாயாவி! எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஊரில் இருந்து வரும் சித்தப்பா டிரங்குப் பெட்டியில் அல்வாவோடு அதையும் கொண்டு வருவார். எண்ணெய்க் கறை படிந்த மாயாவிக்குத்தான் சண்டை நடக்கும். பின்னால் எஸ். ராமகிருஷ்ணன் பிள்ளைகளுக்கு 'ஏழு தலை நகரம்' எழுதினார். பெரியவர்களுக்கு இரா. முருகனின் 'அரசூர் வம்சம்' இருக்கிறது.

மொழிபெயர்ப்பில் சில நல்லவை எனக்குத் தெரியும். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சில் இருந்து நேரடியாகத் தந்த 'குட்டி இளவரசன்'. புத்தகங்களைக் கொளுத்தும் அரசைப் பற்றிய 'ஃபாரென்ஹீட் 451', அதுவும் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பே. க.நா.சு. தந்த 'விலங்குப் பண்ணை'. ஹாரி பாட்டரும் தமிழ் பேசுகிறான். ஜூல்ஸ் வெர்னின் 'எண்பது நாட்களில் உலகைச் சுற்றி' கதையில் பயணிகள் பம்பாயில்தான் இறங்கி ரயில் ஏறுகிறார்கள். வேலைக்காரன் மலபார் ஹில் கோயிலில் செருப்போடு நுழைந்து மாட்டிக்கொள்வான். அவருடைய நீர்மூழ்கிக் கப்பல் தலைவன் நேமோ, பிந்தைய நாவலில் பார்த்தால் புந்தேல்கண்ட் இளவரசன் ஒருவன், நம் நாட்டுக்காரன். இதை எல்லாம் சொன்னால் மும்பைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள்.

தேடிப் போனபோது என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளில் இஞ்சினியரிங் புத்தகமும் ஆங்கில நாவலும் குவிந்து கிடக்கின்றன. தமிழ் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மாட்டுங்காவில் தமிழ்ப் புத்தகம் விற்கும் கடைகளில் பஞ்சாங்கமும் பக்தி நூலும் சமையல் குறிப்பும் கிடைத்தன. நம் நூலக அலமாரியில் கல்கியும் சாண்டில்யனும் வரிசையாக இருக்கிறார்கள். ஜீனோ இல்லை. ரத்திக் கடையில் எடைக்குப் போன பைண்டு புத்தகங்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அதில் எத்தனை ஜீனோ போயிற்றோ!

மாட்டுங்காவில் என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்ன சார் நீங்க! திருக்குறள் சொல்லிக் குடுங்கோ. நாய்க் கதையும் பேய்க் கதையும் எதுக்கு?" அவர் அக்கறையில் குறையில்லை. ஆனால் நான் சொன்னேன்: "அவளுக்கு நாலு வருஷம் குறள் சொல்லிக் குடுத்தேன் சார். மனப்பாடமா ஒப்பிப்பா. எழுத்து வரலை. நாய் காணாமப் போயிடுமோன்னு பயந்தப்பதான் எழுத்து வந்தது." அடுத்து என்ன என்ற தவிப்புதான் ஒரு மொழியை வாசிக்க வைக்கிறது. வாசிக்கத் தெரிந்த பிறகு குறளுக்கு அவளே போவாள். போகாவிட்டாலும் வழி தெரிந்திருக்குமே.

முடிவுரையும் வேண்டுகோளும்

இனி என் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டில், ஊரில் அண்ணன் வீட்டில், தங்கையின் பழைய பெட்டியில், நீங்கள் வாசித்து மறக்காத அறிவியல் புனைகதையோ மாயக்கதையோ தமிழில் இருந்தால், அதன் பெயரை நம் சங்கத்து நூலகத்தில் வைத்திருக்கும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு பெயர் போதும். முடிந்தால் நான்கு விவரம் சேர்த்து எழுதுங்கள்.

முதலாவது, எந்த வயதுக்கு ஆகும் என்பது. இரண்டாவது, நடை எப்படி என்பது. புதிதாக எழுத்துக் கற்ற பிள்ளை வாசிக்குமா, நாம் வாசித்துக் காட்ட வேண்டுமா? மூன்றாவது, எழுத்து பெரிதா சிறிதா என்பது. இதைச் சிரிக்காதீர்கள். பொடி எழுத்தைப் பார்த்தே பிள்ளைகள் மூடி வைத்துவிடுகிறார்கள். நான்காவது, இப்போது கடையில் கிடைக்கிறதா, இல்லை உங்களிடம் பிரதி இருந்து இரவல் தர முடியுமா என்பது. "எல்லாரும் படிக்க வேண்டிய நூல்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்களைத் தூங்க விடாமல் செய்த இடம் எது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் பிள்ளையை இழுக்கும்.

நூலகக் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு அலமாரித் தட்டு, ஒன்றே ஒன்று, இதற்கென ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டு மலருக்குப் பிள்ளைகளிடம் இருந்து ஒரு விஞ்ஞானக் கதை கேளுங்கள். தமிழில் எழுத வராவிட்டால் சொல்லச் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். டிராம்பேயில் அணு விஞ்ஞானிகளாக வேலை பார்த்த தமிழர்கள் நம் செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் எத்தனை பேர்! அவர்களில் ஒருவராவது நாரளிக்கரைப் போல மனைவியின் கையெழுத்தில் ஒரு கதை அனுப்பக் கூடாதா?

நான் ஆள் வைத்து ஊரில் இருந்து '6174'ஐயும் 'பனிமனிதனை'யும் வரவழைத்திருக்கிறேன். முதலாவது தாராவிப் பையனிடம் போயிற்று. இரண்டாவது பேத்தியிடம். முடித்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம். பேத்தி வாசிக்கும் வேகத்தைப் பார்த்தால் மழைக்காலம் முடியும் முன் இரண்டும் தீர்ந்துவிடும். அதற்குள் மூன்றாவது புத்தகத்தின் பெயரை நீங்கள் யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். "அடுத்து எது?" என்று அவள் மறுபடி கேட்கும்போது மறுபடியும் நான் பேசாமல் இருந்தால், அவள் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

குறிப்பேடு நூலக மேசை மேல் இருக்கிறது. பக்கத்திலேயே பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன்.